சீலிங்கில் போட்ட வட்டங்கள் வடிவமைப்பு ஆகுமா?

வாசகர் கேள்வி:

நான் கட்டட ஒப்பந்ததாரர். கீழே கார் நிறுத்தும் தளம், தரைத்தளத்தில் கடைகள், அதற்கு மேல் மூன்று தளங்களில் அலுவலகங்கள், உச்சியில் மூன்று தளங்களில் தங்கும் விடுதி என அமைந்த ஒரு கட்டடத்தை மொத்த ஒப்பந்தத்தில் எடுத்துக் கட்டி வருகிறேன். இரண்டாம் தளத்துக்கு இன்னும் பத்து நாளில் கான்கிரீட் போடுகிறோம். தீ எச்சரிக்கை அமைப்பும் என் ஒப்பந்தத்துக்குள்தான் வருகிறது. கருவி விற்கும் நிறுவனம் ஒன்று, தன்னிடம் எச்சரிக்கையைக் கட்டுப்படுத்தும் பேனலும் தீயைக் கண்டறியும் டிடெக்டர்களும் வாங்கினால் வடிவமைப்பை இலவசமாகச் செய்து தருவதாகச் சொல்கிறது. கட்டடக்கலைஞர் கொடுத்த சீலிங் வரைபடத்திலும் டிடெக்டர்களுக்கான வட்டங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. இந்த நிலையில் தனி ஆலோசகருக்குக் கட்டணம் கொடுப்பது வீண் செலவு என்று என் பங்குதாரர் கருதுகிறார். ஆனால் சென்ற கட்டடத்தில் தீயணைப்புத் துறை ஆய்வுக்குப் பிறகு முடித்த ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்து டிடெக்டர்களை மாற்ற வேண்டி வந்ததை நான் மறக்கவில்லை. தனி ஆலோசகர் தேவையா? வைத்தால் அவர் எதையெல்லாம் தர வேண்டும்? வைத்த பிறகு பொறுப்பு என் தலையிலிருந்து இறங்குமா?

பதில்:

உங்கள் கட்டடத்துக்குத் தனி ஆலோசகர் தேவை என்பதே என் கருத்து. இந்தத் தொழிலில் இருப்பவன் வேறு எப்படிச் சொல்வான் என்று உங்கள் பங்குதாரர் கேட்கக்கூடும் என்பதால், தேவையில்லாத இடத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே தளத்தில் ஒரே பயன்பாட்டுக்காகக் கட்டப்படும், லிஃப்டும் மத்தியக் குளிர்சாதனமும் இல்லாத, யாரும் இரவில் தூங்காத கட்டடம் என்றால், அனுபவமுள்ள விற்பனை நிறுவனம் போட்டுத்தரும் வரைபடமே பெரும்பாலும் போதும். உங்கள் கட்டடத்தில் நான்கு விதமான பயன்பாடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று, மனிதர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் இடம். இங்கே டிடெக்டர்களின் எண்ணிக்கையைக் கணக்கெடுப்பது வேலையின் சிறு பகுதிதான்.

இலவச வடிவமைப்பு தருபவர்களைக் குறைவாகப் பேச எனக்கு விருப்பமில்லை. தங்கள் பேனலின் உள்விவரம் அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் வரைபடத்தின் மூலையில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் குறிப்பை ஒருமுறை படித்துப் பாருங்கள். விலைப்புள்ளிக்காக மட்டுமே தயாரிக்கப்பட்டது, தளத்தில் சரிபார்ப்பது ஒப்பந்ததாரரின் பொறுப்பு என்ற பொருளில் ஒரு வரி அநேகமாக இருக்கும். அந்த வரி இருக்கும் வரை அது வடிவமைப்பு ஆகாது; விலைப்புள்ளியோடு வந்த ஒரு படம் மட்டுமே. ஆய்வாளர் கேள்வி கேட்கும் நாளில் அந்தப் படத்துக்குச் சொந்தக்காரர் நீங்கள் ஒருவர்தான்.

கட்டடக்கலைஞரின் வட்டங்களுக்கு வருகிறேன். அவருடைய கவலை, விளக்குகளும் குளிர்காற்றுத் திறப்புகளும் டிடெக்டர்களும் சீலிங்கில் ஒரு ஒழுங்கோடு தெரிய வேண்டும் என்பது. அது நியாயமான கவலைதான். ஆனால் புகை அந்த ஒழுங்கைப் பார்த்து நகர்வதில்லை. குளிர்காற்று வெளிவரும் திறப்புக்கு அருகே ஸ்மோக் டிடெக்டர் இருந்தால், அங்கிருந்து வீசும் சுத்தமான காற்று புகையை டிடெக்டர் பக்கம் வரவிடாமல் தள்ளிவிடும். அதனால்தான் விதிநூல்கள் ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளியாவது கேட்கின்றன. சீலிங்கிலிருந்து கீழிறங்கும் உத்தரத்தின் ஆழம், அறை உயரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், புகையைப் பொறுத்தவரை அந்த உத்தரம் ஒரு சுவரைப் போன்றது. மூன்று மீட்டர் உயர அறையில் 350 மில்லிமீட்டர் ஆழ உத்தரம் ஒன்று நடுவில் ஓடினால், வரைபடத்தில் ஒரே அறையாகத் தெரிவது டிடெக்டருக்கு இரண்டு அறைகள். உங்கள் சென்ற கட்டடத்தின் சீலிங்கைப் பிரிக்க வைத்தது அநேகமாக இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். கட்டமைப்பு வரைபடத்தையும் குளிர்சாதன வரைபடத்தையும் சீலிங் வரைபடத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பணி யாருடைய ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டிருக்காது. என் தொடக்க காலத்தில் நானே கட்டமைப்பு வரைபடத்தைக் கேட்டு வாங்காமல் ஒரு கூடத்துக்கு டிடெக்டர் குறித்துக் கொடுத்து, பிறகு தளத்தில் நிமிர்ந்து பார்த்து வெட்கப்பட்டிருக்கிறேன்.

அடுத்தது எந்த விதிநூல் என்ற கேள்வி. இது அலுவலக வேலை போலத் தோன்றினாலும், உங்கள் கொத்தனார் சுவரை வெட்டும் இடம் வரை வந்து நிற்கும். அமெரிக்க முறையான என்.எஃப்.பி.ஏ. 72, பிரிட்டிஷ் முறையான பி.எஸ். 5839-1, இந்தியத் தரமான ஐ.எஸ். 2189 என்று ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் ஒழுங்கை வைத்திருக்கிறது. சமதளமான சீலிங்கில் ஸ்மோக் டிடெக்டர்களுக்கு இடையே 9.1 மீட்டர் என்பதை அமெரிக்க முறை அடிப்படையாகக் கொள்கிறது. பிரிட்டிஷ் முறையோ, அறையின் எந்தப் புள்ளியும் ஒரு டிடெக்டரிலிருந்து 7.5 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று வட்டக் கணக்காகச் சொல்கிறது. கண்ணாடியை உடைத்து அழுத்தும் மேனுவல் கால் பாயின்டைப் பிரிட்டிஷ் முறை தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தை மையமாக வைத்துக் கேட்கிறது. அமெரிக்க முறையில் அது ஏறத்தாழ 1.07 முதல் 1.22 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒன்றை நம்பி 1.4 மீட்டரில் பெட்டி புதைத்து, டைல்ஸும் ஒட்டிய பிறகு மற்றொன்றின்படி ஆய்வு நடந்தால் எத்தனை இடத்தில் சுவர் உடைபடும் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். விதிநூல்களைக் கலப்பதும் ஆபத்தானது. ஒன்றிலிருந்து பெரிய இடைவெளியையும் மற்றொன்றிலிருந்து குறைந்த பேட்டரி நேரத்தையும் எடுத்துச் செலவைக் குறைத்துக் காட்டும் விலைப்புள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு நூலும் தன் ஒரு பகுதியின் தளர்வை இன்னொரு பகுதியின் கடுமையால் ஈடுசெய்கிறது. தளர்வுகளை மட்டும் பொறுக்கினால் மிஞ்சுவது எந்த நூலுக்கும் பொருந்தாத ஒன்று.

இனி உங்கள் விடுதித் தளங்களுக்கு வருவோம். நான் அதிகம் கவலைப்படுவது அங்கேதான். இலவச வரைபடங்களில் வழக்கமாக நடைபாதையில் எச்சரிக்கை ஒலி எழுப்பும் ஹூட்டர்கள் இரண்டு மூன்று இருக்கும். ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் தரும் நல்ல ஹூட்டர் என்றே வைத்துக்கொள்வோம். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே நான்கு மீட்டர் தள்ளியுள்ள அறைக்கதவின் வெளிப்புறத்தில் 88 டெசிபல் இருக்கும். விடுதி அறைகளுக்கு நீங்கள் போடப்போவது கனமான தீத்தடுப்புக் கதவு. அது மட்டுமே ஏறத்தாழ 30 டெசிபலை விழுங்கிவிடும். கதவுக்கு உள்ளே மிஞ்சுவது 58. தூங்குபவரின் தலையணை அருகே 75 டெசிபல் வேண்டும் என்பதில் அமெரிக்க முறையும் பிரிட்டிஷ் முறையும் ஒத்துப்போகின்றன. 17 டெசிபல் குறைகிறது. நடைபாதையில் இன்னும் இரண்டு ஹூட்டர் சேர்த்து ஈடுகட்டக்கூடிய இடைவெளி அன்று அது. ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒலிப்பான் வேண்டும். பெரும்பாலும் டிடெக்டரின் அடித்தட்டிலேயே ஒலிப்பான் உள்ள வகையைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். உங்கள் ஊர் அதிகாரிகள் ஏற்பது என்.எஃப்.பி.ஏ. முறை என்றால், தூங்கும் அறைகளுக்கு 520 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலியும் தேவைப்படும். வழக்கமான கீச்சொலிக்கு விழிக்காதவர்களும், வயதாகி உயர்ந்த ஒலிகள் கேட்காமல் போனவர்களும் தாழ்ந்த ஒலிக்கு எளிதில் விழிக்கிறார்கள் என்பதே அதன் காரணம். இந்தத் தாழ்ந்த ஒலிப்பான்கள் வழக்கமானவற்றைவிடக் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள், ஏனென்றால் அடுத்த கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

பேனல் தரைத்தளத்தில் இருக்கிறது. ஒலிப்பான்கள் நான்காம், ஐந்தாம், ஆறாம் தளங்களில் இருக்கின்றன. பேனலிலிருந்து ஒரு ஒலிப்பான் சுற்று 120 மீட்டர் ஓடி மேலே போய்ச் சேர்வதாகவும், அதன் முடிவில் கூட்டமாக உள்ள பதினாறு ஒலிப்பான்கள் ஒவ்வொன்றும் 0.1 ஆம்பியர் இழுப்பதாகவும் கொள்வோம். மொத்தம் 1.6 ஆம்பியர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு 12.1 ஓம். போக 120, வர 120 என்று 240 மீட்டருக்கு 2.9 ஓம் வருகிறது, 1.6 ஆம்பியரால் பெருக்கினால் வழியிலேயே 4.65 வோல்ட் போய்விடும். பேனல் 24 வோல்ட் தருகிறது என்பதால் ஆறுதல் கொள்ளக் கூடாது. மின்சாரம் போய், பேட்டரியும் தன் கடைசிக் கட்டத்தில் இருக்கும்போது சுற்றின் தொடக்கத்தில் கிடைப்பது 20.4 வோல்ட் என்று வைத்தே கணக்கிட வேண்டும். அதில் 4.65 போனால் மிஞ்சுவது 15.75. ஒலிப்பானின் விவரக்குறிப்பில் குறைந்தபட்சம் 16 வோல்ட் என்று போட்டிருக்கும். ஆய்வு நாளில் மின்சாரம் இருக்கும்போது எல்லாம் முழங்கும், சான்றிதழும் கிடைக்கும். மின்சாரம் போன ஓர் இரவில் ஆறாம் தளம் மட்டும் மெளனமாக இருக்கக்கூடும். அதே சுற்றை 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழுத்தால் மின்தடை கிலோமீட்டருக்கு 7.41 ஓம், இழப்பு 2.85 வோல்ட், கடைசியில் 17.55 வோல்ட் நிற்கும். கம்பியின் பருமன் ஒரு படி ஏறியதோடு சிக்கல் தீர்ந்தது. ஆனால் இதை, கம்பி செல்லும் குழாயான கான்ட்யூட் போடும் முன் சொல்ல வேண்டும். கம்பி இழுத்து முடித்த பின் சொன்னால், நடுத்தளத்தில் துணை மின்வழங்கிப் பெட்டி ஒன்றை வைத்து, அதற்கு மின் இணைப்பும் பேட்டரியும் இடமும் தேட வேண்டிவரும்.

ஒலிப்பான்களின் எண்ணிக்கை ஏறியதும் பேட்டரியும் ஏறும். அமைதி நிலையில் அமைப்பு 0.45 ஆம்பியரும், எச்சரிக்கை நிலையில் 3.6 ஆம்பியரும் இழுக்கிறது என்றும், மின்சாரம் போனபின் 24 மணி நேர அமைதிக்குப் பின் அரை மணி நேரம் முழங்க வேண்டும் என்றும் எடுத்துக்கொண்டால், 10.8 உடன் 1.8 சேர்த்து 12.6 ஆம்பியர்-மணி. பேட்டரி மூப்படையும் என்பதற்காக நான்கில் ஒரு பங்கு கூட்டினால் 15.75. அடுத்து சந்தையில் கிடைப்பது 17 அல்லது 18 ஆம்பியர்-மணி பேட்டரி. நடைபாதை ஹூட்டர்களை மட்டும் மனத்தில் வைத்து விலைப்புள்ளி கொடுத்தவர் 12 ஆம்பியர்-மணி பேட்டரியையும் அதற்கேற்ற சிறிய பெட்டியையும் போட்டிருப்பார். குறை சொல்ல அவர்மேல் எதுவும் இல்லை. விடுதி அறைக்கதவு எத்தனை டெசிபலை விழுங்கும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

கார் நிறுத்தும் தளத்தைப் பற்றிச் சுருக்கமாக: வண்டிப் புகை நிறைந்த இடத்தில் ஸ்மோக் டிடெக்டர் போட்டால் பொய் எச்சரிக்கை ஓயாது, அங்கே வழக்கமாக ஹீட் டிடெக்டர்தான். பிரிட்டிஷ் முறையில் அதன் எல்லை 7.5-க்குப் பதில் 5.3 மீட்டர் என்பதால், எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு மடங்காகும். சமையலறை உள்ள கடை வந்தால், வெப்பம் ஏறும் வேகத்தை அளக்கும் வகையைத் தவிர்த்து, குறிப்பிட்ட வெப்பநிலையில் மட்டும் இயங்கும் வகையைக் கேளுங்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் தீயைக் கண்டுபிடித்துக் கத்துவது பற்றி. கத்திய பிறகு கட்டடம் என்ன செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்யும் தாள்தான் ஒரு ஆலோசகரிடமிருந்து நீங்கள் வாங்கும் மிக மதிப்புள்ள பொருள். தொழிலில் அதைக் காஸ் அண்ட் எஃபெக்ட் மேட்ரிக்ஸ் என்போம். காரண-விளைவு அட்டவணை எனலாம். இடப்பக்கம் ஒவ்வொரு டிடெக்டர் வட்டாரமும், கால் பாயின்டும், ஸ்பிரிங்க்ளர் குழாயில் தண்ணீர் ஓடுவதை உணரும் ஃப்ளோ சுவிட்சும் வரிசையாக இருக்கும். மேற்பக்கம் எந்தத் தளத்து ஒலிப்பான், எந்தக் காற்று வழங்கி, காற்றுக் குழாயைத் திறந்து மூடும் எந்த டேம்பர், படிக்கட்டுக்குக் காற்றழுத்தம் தரும் விசிறி, மின்பூட்டுக் கதவுகள், லிஃப்ட் என்று இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் இயங்கு, நில், திற, மூடு என்று ஒரு முடிவு எழுதப்பட வேண்டும். எழுதப்படாத கட்டத்தைத் தளத்தில் பேனல் புரோகிராம் செய்ய வரும் இளைஞர் தன் ஊகத்தால் நிரப்புவார்.

பல ஆண்டுகளுக்கு முன் இறுதிச் சோதனைக்காக என்னை அழைத்த ஒரு கட்டடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தரைத்தள லிஃப்ட் முகப்பில் இருந்த டிடெக்டரின் கீழ் சோதனைப் புகையை அடித்தார்கள். எச்சரிக்கை முழங்கியது, ஐந்தாம் தளத்தில் நின்ற லிஃப்ட் கீழே இறங்கி வந்து, தரைத்தளத்தில் கதவைத் திறந்துகொண்டு நின்றது. சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் மகிழ்ந்தார்கள். தீயணைப்பு அதிகாரி மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டு, "தீ இருப்பதாக நீங்கள் சொல்வதே இந்த இடத்தில்தானே, ஆட்களை ஏன் இங்கே கொண்டுவந்து இறக்குகிறீர்கள்?" என்று கேட்டார். வேறெந்தத் தளத்தில் தீ என்றாலும் லிஃப்ட் தரைத்தளத்துக்கு வர வேண்டும். தரைத்தள முகப்பிலேயே தீ என்றால், முன்பே தீர்மானித்த மாற்றுத் தளத்துக்குப் போக வேண்டும். அதற்கு லிஃப்ட் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தனித்தனியாக இரண்டு சைகைகள் தேவை. எச்சரிக்கை நிறுவனம் சைகை அனுப்பும் ரிலே ஒன்றே ஒன்றைக் கொடுத்திருந்தது; லிஃப்ட் நிறுவனத்தின் கையேட்டில் இரண்டு முனைகள் இருந்தன, இரண்டாவது காலியாகக் கிடந்தது. இரு தரப்பும் தங்கள் பங்கைச் சரியாகச் செய்திருந்தன. பளிங்கு ஒட்டி முடித்த முகப்பின் வழியே லிஃப்ட் இயந்திர அறை வரை இன்னொரு கம்பி இழுத்த செலவு ஒப்பந்ததாரருடையது. அட்டவணையில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் அந்தக் கம்பி முதல் கம்பியோடு சேர்ந்தே போயிருக்கும்.

ஆலோசகரிடம் எதைக் கேட்பது என்ற உங்கள் இரண்டாம் கேள்விக்கு, மேலே சொன்னதிலிருந்தே விடை பாதி கிடைத்திருக்கும். எந்த விதிநூல், எந்தப் பதிப்பு, எந்தப் பகுதிக்கு எந்த அளவு பாதுகாப்பு என்று காரணத்தோடு எழுதிய அடிப்படைக் குறிப்பு ஒன்றை அவர் முதலில் தர வேண்டும். அதை உரிமையாளரும் தீயணைப்புத் துறையும் ஏற்ற பிறகுதான் வரைபடம். வரைபடத்தோடு, பேனலிலிருந்து கிளம்பி டிடெக்டர்களைத் தொட்டுப் பேனலுக்கே திரும்பும் கம்பிச் சுற்றான லூப் செல்லும் பாதை, அதில் ஷார்ட் ஆன பகுதியை மட்டும் துண்டிக்கும் ஷார்ட் சர்க்யூட் ஐசோலேட்டர்கள் அமையும் இடம், மின்னழுத்த இழப்புக் கணக்கு, பேட்டரிக் கணக்கு, ஒலி அளவுக் கணக்கு, காரண-விளைவு அட்டவணை ஆகியவை வர வேண்டும். ஒவ்வொரு லூப்பிலும் கருவிகளுக்கான முகவரி எண்களில் ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக விடச் சொல்லுங்கள். தரைத்தளத்துக் கடைக்காரர்கள் வந்து தடுப்புச்சுவர் எழுப்பும்போது டிடெக்டர்கள் கூடாமல் இருக்காது.

மின்னோட்ட அளவுகள் ஒவ்வொரு நிறுவனத்தின் கருவிக்கும் வேறுபடும் என்பதால், நடைமுறையில் நான் பரிந்துரைக்கும் வழி இதுதான்: அடிப்படைக் குறிப்பையும் டிடெக்டர் அமைவையும் அட்டவணையையும் ஆலோசகர் செய்யட்டும்; நீங்கள் தேர்ந்தெடுக்கும் விற்பனை நிறுவனம் தன் கருவிகளின் உண்மையான எண்களை வைத்து, தளத்தில் பொருத்துவதற்கான விரிவான வரைபடமான ஷாப் டிராயிங்கும் கணக்குகளும் தயாரிக்கட்டும்; அதை ஆலோசகர் சரிபார்த்துக் கையொப்பமிடட்டும். இப்படிச் செய்தால் விற்பனை நிறுவனத்தின் அனுபவமும் உங்களுக்குக் கிடைக்கும், ஆலோசகர் கட்டணமும் முழு வடிவமைப்புக்கு ஆவதைவிடக் குறையும். ஆலோசகரின் விவரக்குறிப்பில் ஒரே நிறுவனத்தின் மாடல் எண்கள் மட்டும் வரிவரியாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். கருவி விற்பவரிடமிருந்து தமக்கு எந்தப் பங்கும் வருவதில்லை என்று எழுத்தில் தரும்படி கேட்பதில் தவறில்லை. நேர்மையானவர் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அவருடைய தள வருகைகளையும் ஒப்பந்தத்தில் எண்ணிக்கையோடு எழுதுங்கள். "தேவைப்படும்போது வருவார்" என்று எழுதினால் அவர் வராத நாளில்தான் தேவைப்படும். கான்ட்யூட் பதித்து மூடுவதற்கு முன் ஒன்று, ஃபால்ஸ் சீலிங் மூடுவதற்கு முன் ஒன்று, அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்தையும் இயக்கிப் பார்க்கும் இறுதிச் சோதனைக்கு ஒன்று என மூன்று வருகைகளாவது வேண்டும். இறுதிச் சோதனையின் ஒரு பகுதியை மின்சாரத்தைத் துண்டித்து, பேட்டரியில் மட்டும் நடத்தச் சொல்லுங்கள். சாத்திய கதவுக்குள், கட்டிலின் தலைமாட்டில் ஒலிமானியை வைத்து அளக்கவும் சொல்லுங்கள். டிடெக்டர் தலைகளைக் கட்டுமானத் தூசி அடங்கிச் சுத்தம் செய்து முடிக்கும் வரை பொருத்தவே வேண்டாம். அடித்தட்டு மட்டும் போதும். முன்கூட்டியே பொருத்தித்தான் ஆக வேண்டும் என்றால் தூசி மூடியைக் கழற்றாதீர்கள். ஜிப்சம் தேய்த்த தூசி ஒருமுறை உள்ளறைக்குள் போய்விட்டால், அந்த டிடெக்டர் வாழ்நாள் முழுவதும் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். மூடியைக் கழற்ற மறந்துவிட்டாலோ அது ஒருபோதும் பேசாது. ஆகவே எத்தனை மூடிகள் போட்டோமோ அத்தனையும் ஒரு பெட்டியில் திரும்பி வந்தனவா என்று எண்ணிப் பார்ப்பவர் ஒருவர் இருக்க வேண்டும்.

பொறுப்பு இறங்குமா என்று கேட்டீர்கள். முழுவதும் இறங்காது. உரிமையாளரோடு மொத்த ஒப்பந்தம் போட்டிருப்பவர் நீங்கள்; அவர் கண்ணுக்குத் தெரிவது நீங்கள் மட்டுமே. ஆலோசகரின் கையொப்பம், வடிவமைப்பில் பிழை இருந்தால் அந்தப் பிழைக்கு ஒரு சொந்தக்காரரை உண்டாக்குகிறது. வடிவமைத்தபடி பொருத்தாமல் போனால் அது உங்கள் பிழைதான். எனவே அவருக்குத் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா, அது கட்டடம் ஒப்படைத்த பிறகும் தொடருமா என்று பாருங்கள். உட்புற வடிவமைப்பாளர் ஒரு தடுப்புச்சுவரை நகர்த்தினாலும், அதைத் தேதியிட்டு ஆலோசகருக்கு எழுதி, அவர் பதிலைக் கோப்பில் வையுங்கள். நான் பார்த்த தகராறுகளில் பெரும்பாலானவை முதல் வரைபடத்தைப் பற்றியவை அல்ல. வாய்மொழியாகச் செய்த மாற்றத்தைப் பற்றியவை.

இப்போது உங்களிடம் பத்து நாள்தான் இருக்கிறது. அதற்குள் முழு வடிவமைப்பு வந்துவிடாது, வரவும் வேண்டாம். கான்கிரீட்டுக்கு முன் தெரிய வேண்டியவை சில மட்டுமே. பேனல் அறையின் இடம், அங்கிருந்து மேலே ஏறும் ஷாஃப்ட், லூப் கம்பி ஏறும் பாதைக்கும் திரும்பி இறங்கும் பாதைக்கும் தனித்தனித் துளைகள் ஆகியவற்றை முடிவு செய்து, ஸ்லாபில் குழாய்த் துண்டுகளை வைத்துவிடுங்கள். இரண்டையும் ஒரே துளையில் ஏற்றினால், அந்த ஒரு இடத்தில் தீப்பட்டதும் போகும் வழியும் வரும் வழியும் சேர்ந்து அறுந்து, லூப் போட்டதன் பயனே இல்லாமல் போகும். லிஃப்ட் இயந்திர அறைக்கும் காற்று வழங்கி அறைக்கும் தனித்தனியாக ஒரு கான்ட்யூட் விடுங்கள். ஷாஃப்ட் அருகே கூடுதலாக ஒரு வெற்றுத் துளையும் இருக்கட்டும். இதற்கு ஆலோசகரின் அரை நாள் போதும். முழுக் கட்டணம் பேசி முடிப்பதற்கு முன்பே இந்த அரை நாளுக்கு மட்டும் அவரை அழைக்கலாம். அதே நாளில் எந்த விதிநூலின்படி ஆய்வு செய்வார்கள் என்று தீயணைப்புத் துறைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் வரும்வரை கால் பாயின்ட் பெட்டிகளுக்காகச் சுவரை வெட்ட வேண்டாம் என்று மின்பணி மேற்பார்வையாளரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.